குடையோடு வந்த நேயர்

என் மகனே,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். வாசலில் பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலை எந்தப் பக்கம் நடுவது என்று உன் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்படியில் உன் சித்திமார் கல்யாணத்துக்கு வைக்கும் ஏழு கறியைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள், பேச்சு வளர வளரக் கறியும் வளர்ந்துகொண்டே போகிறது. இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இதை எழுதுகிறேன். நேற்று மோகாவில் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அம்மா, மோ பா கொனே கி பூ தீர்" என்றாயே, வரப்போகும் மாமனாரிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று, அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லையப்பா. உன் தாத்தா நினைவுக்கு வந்தார், அதனால் சிரித்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதை மடித்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வாங்கிப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

வீட்டில் கிரியோல் பேசுகிறவள் கடிதத்தை மட்டும் ஏன் தமிழில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றலாம். இந்தக் கதையைத் தமிழில்தான் சொல்ல முடியும், படித்தால் புரிந்துவிடும். உன்னால் இதை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும், தாத்தா உன்னைத் தமிழ் தெரியாமல் விட்டுவைத்திருக்க மாட்டார். இதில் பிழை இருந்தால் அது என்னுடையது. பிழை இல்லாத இடமெல்லாம் அவருடையது.

உன் அப்பாவைப் பெற்ற தாத்தாவை, உன்னை மடியில் உட்காரவைத்துக் கதை சொன்ன மனிதராகத்தான் உனக்குத் தெரியும். எனக்கு அவர் முதலில் வேறு மாதிரி. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போ பசானில் வரண்டா வைத்த வீடு. இந்தியாவிலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம் இளம் வயதில் தமிழ் கற்று, அதைச் சலவைச் சட்டை மாதிரி கசங்காமல் வைத்திருந்தார். உன் பாட்டி நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். நானோ ரோஸ் பெல்லில் கரும்பு வெட்டுகிறவரின் மகள். கோவில் மண்டபத்தில் மாலையில் நடந்த வகுப்பில் கொஞ்சம் தமிழ், பஜனைப் பாட்டில் மிச்சத் தமிழ், அவ்வளவுதான். கோவில் திருவிழாவில் என்னைப் பார்த்த உன் அப்பா, கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொன்னார். தாத்தா அதற்குச் சம்மதிக்கவில்லையாம். கல்யாணத்துக்கும் வரவில்லை. உன் அப்பா ரோஸ் பெல்லுக்கு வந்து, என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். நீ பிறந்தாய், நடந்தாய், ஓடினாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்த்ததில்லை, ஒரு புகைப்படம்கூட என் கண்ணில் பட்டதில்லை. மனதுக்குள் அவருக்கு ஒரு பெரிய மீசை வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் மீசையே இல்லை.

போ பசான் வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை ஒரு ரேடியோ பெட்டி. அப்போது வானொலியில் தமிழுக்கு வாரத்தில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரம் முழுக்க அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். யார் எந்தச் சொல்லைத் தவறாகச் சொன்னார்கள், எங்கே ழகரம் வழுக்கியது என்று எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். வாரம் தவறியதில்லை.

ஒருமுறை வானொலியில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் குடும்பங்களுக்காக ஒதுக்கினார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தாய்மாருக்கு, பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு என்று நிகழ்ச்சி. ஃப்ரெஞ்சு, ஆங்கிலம், இந்தி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. தமிழுக்குக் காலையில் கொஞ்சம், நண்பகலில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் மிசியே ஆர்மூகம் என்கிற பள்ளிக்கூட ஆசிரியர். காலையும் மாலையும் பாட எங்கள் கோவில் பஜனைக் குழுவைக் கூப்பிட்டார். பால்குடி மறக்காத உன்னை விட்டுவிட்டுப் போக முடியுமா? இடுப்பில் தூக்கிக்கொண்டு, வானொலி நிலையம் இருந்த குர்ப்பிப்புக்கு ரயில் ஏறினேன். ரோஸ் பெல்லில் வெயில். குர்ப்பிப்பில் இறங்கினால் வழக்கம் போல மழை.

அன்று பார்த்ததை எல்லாம் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று ஃப்ரெஞ்சில் பேச ஒரு சீமாட்டி வந்திருந்தார். கையில் ஒரு பொம்மை, ஒரு பேசின், வெந்நீர், துண்டு. ரேடியோவில் யாருக்கு அது தெரியப்போகிறது? ஆனால் குளிப்பாட்டினால்தான் அவருக்குப் பேச்சு வருமாம். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் அந்தப் பொம்மையை உண்மையாகவே தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீ அந்தப் பொம்மைதான் வேண்டும் என்று கையை நீட்டி அடம்பிடித்தாய். பிறகு ஆங்கிலத்தில் ஒரு நாடகம். அதில் மழைச் சத்தம் வேண்டும் என்று ஒருவர் தட்டில் பருப்பை உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே தகரக் கூரையில் விழுந்த நிஜ மழை அவர் பருப்பைக் கேட்கவே விடவில்லை. மனிதர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

நண்பகலில் தாய்மாருக்காகத் தமிழில் பேச வேண்டிய அம்மாள் காய்ச்சலாகப் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. மிசியே ஆர்மூகம் அவர் எழுதி அனுப்பியிருந்த தாள்களை என் கையில் கொடுத்தார்.

"நீதான் படிக்கணும் தங்கச்சி. வேற ஆளில்லை."

"மிசியே, எனக்கு இவ்வளவு தமிழ் வராது."

"பிள்ளைக்காரி நீ. படிச்சாப் போதும்."

அவசரத்தில் என் பெயரைச் சொல்லவும் மறந்துவிட்டார். "இப்போது ஒரு தாய் பேசுகிறார்" என்றார், சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் வரியிலேயே எனக்கு நாக்கு தடுக்கியது. அந்தத் தமிழ் அழகாகத்தான் இருந்தது, ஆனால் என் வாய்க்குள் அடங்கவில்லை. இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே பஜனைக்கார அக்கா உனக்குச் சோறு ஊட்டப் பார்க்க, நீ தலையை ஆட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாய். தாளைக் கவிழ்த்து வைத்தேன். என் கண்ணுக்கு எதிரில் நடப்பதையே சொன்னேன். "என் மகன் இப்ப சோறு வேணாம்னு ஓடுறான். எல்லா வீட்டிலயும் இதே கதைதான், இல்லையா? நான் என்ன செய்வேன் தெரியுமா? சுசுவை நல்லா வேக வெச்சு சோத்துக்குள்ள ஒளிச்சு வெப்பேன். பிரெட் முருங் உருவிப் பருப்புல போடுவேன். அவன் சாப்பிடலேன்னா நான் சாப்பிடுற மாதிரி நடிப்பேன். உடனே வந்து என் கையைப் பிடிச்சு இழுப்பான்." சௌசௌக் காயைச் சுசு என்றும் முருங்கைக் கீரையைப் பிரெட் முருங் என்றும்தானே நாம் சொல்கிறோம், அப்படியே வாயில் வந்தது. விளக்கு அணையும்வரை பேசினேன். வெளியே வந்தபோது பொம்மைச் சீமாட்டி, ஒரு சொல்லும் புரியாமலே, என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அதே நேரத்தில் போ பசானில் ஒருவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். எழுதி அனுப்பினால் இனிப் போதாது, நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று குடையை எடுத்தார், ரயில் ஏறினார்.

பிற்பகலில் நான் காத்திருக்கும் அறையில் உன்னோடு தனியாக இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒல்லியான, உயரமான ஒரு பெரியவர் வந்தார். கறுப்புக் கோட்டு, தோள் நனைந்திருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது.

"நிகழ்ச்சிப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும்."

"மிசியே இப்ப உள்ள பேசுறாங்க. அசிஸே, உக்காருங்க."

"உட்காருங்கள் என்று சொன்னாலே போதும் அம்மா. அசிஸே எதற்கு?"

உட்கார்ந்தார். கெட்டிலில் வனிலா தேநீர் இருந்தது. ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். குளிருக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூடு உள்ளே போனதும் பேச ஆரம்பித்தார்.

"நண்பகலில் ஒரு பெண் பேசினாள். கேட்டாயா? கீரையைப் பிரெட் என்கிறாள். சுசு என்கிறாள். இது தமிழா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன், "அந்தப் பொண்ணு ரொம்ப மோசமாப் பேசிச்சா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மோசம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை ஓடுகிறான் என்றாளே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது."

அதற்குள் நீ அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். "ஈரம் ஈரம், தொடாதே" என்றார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பழத்தின் பெயர் சொன்னார். கட்டைவிரல் பலாப்பழம் என்றதும் நீ அதை வாயில் வைத்துக்கொண்டாய். அவர் சிரித்த சத்தம் கேட்டு எனக்கு ஏதோ பழக்கமான சிரிப்பாக இருக்கிறதே என்று தோன்றியது. உன் அப்பா சிரிப்பதும் அப்படித்தான், முதலில் மூக்கில் ஆரம்பிக்கும்.

சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துவிட்டுப் போர்ட் லூயிஸிலிருந்து எங்களை அழைத்துப்போக வந்த உன் அப்பா, கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்பா?"

பெரியவர் அவரைப் பார்த்தார். மடியில் இருந்த உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் அந்தச் சுசு..."

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழவில்லை, ஏனென்றால் எழ வேண்டுமானால் உன்னை இறக்கிவிட வேண்டும். அவர் கை உன் வயிற்றைச் சுற்றி அப்படியே இருந்தது. மகனே, எத்தனையோ பேர் கோபம் வந்தால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர் சண்டை போடுவதற்காகவாவது கிளம்பி வந்தாரே, அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உனக்கும் உன் மனைவிக்கும் நாளை ஏதாவது வந்தால், சண்டை போடவாவது எதிரில் போய் நில். எதிரில் நின்றால் ஏதாவது ஒரு வழி பிறக்கும்.

அப்போது மிசியே ஆர்மூகம் உள்ளே வந்தார். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. போ பசானிலிருந்து வாரா வாரம் கடிதம் எழுதுகிறவர் இவர்தான் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, கடவுள்தான் அனுப்பியிருக்கார். மாலை உரை நான் படிக்கணும். குரல் போச்சு. உங்களைவிடச் சுத்தமாப் படிக்க இந்தத் தீவுல யார் இருக்கா?" தாத்தா மறுக்கத்தான் பார்த்தார். ஆனால் எத்தனை வருடமாக அந்த மைக்கை எட்ட இருந்தே திருத்திக்கொண்டிருந்தவர்! கோட்டைப் போட்டுக்கொண்டார், தலையைச் சீவிக்கொண்டார், தாளை ஒருமுறை வாசித்து இரண்டு இடத்தில் திருத்தினார்.

உரை முடிந்ததும் நாங்கள் பாட வேண்டும் என்பதால் குழுவும் உள்ளேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீ என் மடியில். மிசியே கரகரத்த குரலில் அறிவித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

தாத்தா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தாளைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. தமிழ் முழுவதையும் மனதில் வைத்திருந்த மனிதருக்கு ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மிசியே தலையில் கை வைத்துக்கொண்டார். தீவு முழுக்க ரேடியோ பெட்டிகள் ஊமையாக இருந்தன. ரோஸ் பெல்லில் சீனன் கடையில் ரேடியோவைச் சுற்றி என் அப்பா, அம்மா, தெருவே நின்றுகொண்டிருந்தது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரர் அதன் தலையில் தட்டினாராம்.

எனக்கு நண்பகல் நினைவுக்கு வந்தது. நானும் அதே நாற்காலியில் அப்படித்தானே நின்றுபோனேன். மைக் பக்கம் சாய்ந்து கேட்டேன்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். மைக்கை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "இல்லை அம்மா" என்றார். "நண்பகலிலிருந்து இல்லை."

"ஏன்?"

"உன்மேல் கோபம். கோபத்தில் குடையை எடுத்தேன், சோற்றை மறந்தேன்."

பஜனைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. "வீட்டுக்கு வாங்க. பருப்பு இருக்கு. கீ... கீரை போட்டிருக்கேன்."

"நீ பிரெட் என்றே சொல்" என்றார். "எனக்குப் புரியும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்குக்கு நேராக உட்கார்ந்தார். "நேயர்களே, நண்பகலில் உங்களிடம் பேசியது என் மருமகள். இது என் பேரன். இவர்களை இன்றுதான் பார்க்கிறேன், தவறு என்னுடையது. இனி உரையைப் படிக்கிறேன்." அதன் பிறகு அவர் படித்தார் பார், அப்படி ஒரு தமிழை நான் அதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த பழம் மாதிரி இருந்தது. நடுவில் நீ "பா, பா" என்று சேர்ந்து படித்தாய். அவர் ஒரு முறைகூட உன்னைத் திருத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே உன் அப்பா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பாட ஆரம்பித்தபோது சுருதி எங்கேயோ போய்விட்டது. யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

உன் வரப்போகும் மாமனார் ஃப்ரெஞ்சில் பேசுகிறார், நிறையப் படித்தவர், மேசையில் மூன்று வகை முள்கரண்டி வைக்கிறார், எல்லாம் சரி. ஆனால் நீ எதிரில் உட்கார்ந்து சரியான வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளைக் கொடுக்கிற மனிதருக்கும் வாய் உலரும். யாராவது ஒருவர் உடைந்த சொல்லோடு ஆரம்பிக்க வேண்டும். அது நீயாக இரு. அவருடைய மல்லிகைச் செடியைப் பற்றிக் கேள், முட்டி வலியைப் பற்றிக் கேள். கிரியோலில் கேட்டாலும் பரவாயில்லை. இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். குர்ப்பிப் ஸ்டேஷனில் போ பசான் போகும் வண்டி ஒரு பக்கம், ரோஸ் பெல் வண்டி மறுபக்கம். தாத்தா எதுவும் சொல்லாமல் எங்களோடு ரோஸ் பெல் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். உன் அப்பாவும் அவரும் வழியெல்லாம் கரும்பின் விளைச்சலைப் பற்றியே பேசினார்கள். இரண்டு பேருக்கும் கரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ரோஸ் பெல்லில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடையில் ரேடியோ கேட்ட கூட்டம் முழுவதும் பிளாட்பாரத்தில் நின்றது. முன்னால் என் அப்பா, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. அலுவலகத்தில் வேலை பார்த்த சம்பந்தியை எப்படி வரவேற்பது என்று தெரியாமல், சீனன் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதைத் தாத்தாவுக்கு முன்னால் இறக்கிவைத்துத் துண்டால் துடைத்தார்.

"பொன்ஸ்வார் சம்பந்தி. உக்காருங்க."

தாத்தா நாற்காலியைப் பார்த்தார். "நீங்கள் உட்காருங்கள்" என்றார்.

"அது எப்படி? நீங்க."

"நீங்கள் மூத்தவர்."

"நான் எங்க மூத்தவன்? மோ பி ஸேன், சின்னவன்!"

இப்படியே போனால் விடிந்துவிடும் என்று உன் அப்பா உன்னைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். உனக்கு அது பிடித்துப்போயிற்று. இறங்கச் சொன்னால் கத்தினாய். கடைசியில் தாத்தா ஒரு பக்கம் பிடித்தார், என் அப்பா மறுபக்கம் பிடித்தார், இருவரும் உன்னோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. நாற்காலி சாய்ந்து சாய்ந்து போயிற்று. பின்னால் கடைக்காரர் தன் நாற்காலியைக் கேட்டுக்கொண்டே வந்தார், அவர் பின்னால் பஜனைக் குழு, அதன் பின்னால் ஊர். யாரோ கோவில் தாளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நீ சாமி புறப்பாட்டில் உட்கார்ந்த மாதிரி நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துக் கை தட்டினாய்.

ஆகவே மகனே, மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் கூச்சமாக இருக்கிறது என்று நேற்று சொன்னாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது உனக்கு இரண்டாவது ஊர்வலம்.

ஆசையோடு,
அம்மா